சாயங்காலக் காய்ச்சல்

பச்சைப்பாலுக்குக் காய்ச்சல் வருவதற்கென்று ஒரு நேரம் இருந்தது. சரியாகச் சாணி அள்ளுகிற நேரம்.

காலையில் ஆள் கல்குண்டு மாதிரி எழுந்துவிடுவான். இருட்டு விலகும் முன்பே மாடுகளைக் கறந்து, கேன்களைச் சைக்கிளின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, தெருத்தெருவாக ஊற்றிவிட்டு வருவான். வந்து தட்டு நிறையச் சாப்பிடுவான். ஆனால் வெயில் சாய்ந்து, தொழுவத்தில் வேலை மலைபோலக் குவிந்து கிடக்கிற நேரத்தில், கம்பளியைத் தலைவரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு, "உடம்பு நெருப்பாச் சுடுது" என்று சுருண்டுவிடுவான். கடைசி வாளியையும் அவன் மனைவி கழுவிக் கவிழ்த்த பிறகு, தொப்பலாக வேர்த்து எழுந்து உட்கார்ந்து, "சாப்பிட என்ன இருக்கு?" என்பான்.

"நானும் எத்தனையோ காய்ச்சலப் பாத்திருக்கேன். இப்படி மணி பாத்து டூட்டிக்கு வர்ற காய்ச்சல எங்கயும் பாத்ததில்ல," என்பாள் அவள், தெருவுக்குப் பால்காரி.

"அக்கா, மாமாவுக்கு வர்ற காய்ச்சல்ல எனக்கும் ஒரு டம்ளர் வாங்கித் தாங்களேன். பாத்திரம் தேய்க்கிற நேரத்துக்கு வச்சுக்கறேன்," என்பாள் சின்னவள்.

சின்னவள், அவனுடைய தம்பி மனைவி. ஒரே வீட்டில் இரண்டு குடும்பம், ஒரே உலை. தம்பிக்காரன் சரக்கு வேன் ஓட்டினான். சின்னவளுக்கு அப்போது ஐந்து மாதம். கல்யாணமாகி நெடுநாள் கழித்துத் தங்கிய கரு என்பதால் வீடே அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கியது. அவளோ ஓரிடத்தில் உட்காருகிற ஜென்மம் இல்லை. "உக்காந்தா வாந்தி வருது, நடந்தா வரல" என்று சொல்லிக்கொண்டு சமையலறைக்கும் தொழுவத்துக்குமாக நடையாய் நடந்தாள்.

பச்சைப்பால் என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை, தெரு வைத்தது. கறக்கும்போதே மடியிலிருந்து நேராக வாய்க்குள் பீச்சிக்கொள்கிற பழக்கம் அவனுக்கு. "காய்ச்சின பால் செத்த பால். உசுரோட குடிக்கணும்" என்று பார்த்தவரிடமெல்லாம் பிரசங்கம் பண்ணுவான். அவன் பேச்சுக்குத் தெருவில் ஒரே ஒரு சீடர்தான் கிடைத்திருந்தார்: ஜிம் மாஸ்டர். தினமும் விடிகாலையில் ஒரு பெரிய செம்பை நீட்டி நுரையோடு வாங்கி, நின்ற வாக்கில் குடித்துவிட்டு, கையின் தசையைப் புடைத்துக் காட்டிவிட்டுப் போவார்.

அந்தச் செம்பில் விழுவதும், அவன் வாயில் விழுவதும் மகாராணியின் பால் மட்டும்தான். மகாராணியை அவன் போன வருஷம் சந்தையில் பார்த்தான். பார்த்தான் என்பதுகூடச் சரியில்லை, விழுந்தான். வெண்ணெய் நிறம். தலையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற தோரணை. சுழி பார்த்தான், பல் பார்த்தான், மடி பார்த்தான். ரத்தம் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவன் காதில் ஏறியிருக்காது. மற்ற நான்கு மாடுகளும் ஒரு வரிசையில் நிற்க, மகாராணிக்கு மட்டும் ஜன்னல் ஓரம்.

காய்ச்சலுக்கு அவன் வைத்தியமே பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பெரியாஸ்பத்திரியில் இரண்டு முறை மாத்திரை வாங்கித் தின்றான். தின்கிறவரை காய்ச்சல் பதுங்கும். நிறுத்தினால் பழையபடி தலையைத் தூக்கும். பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தான். அதையும் அவள் பார்க்கத்தான் செய்தாள். "வேலை செஞ்சா பசிக்கும், பசிச்சா சதை பிடிக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலை. ராத்திரி பிடித்த மழை விடாமல் தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. பச்சைப்பால் கேன்களோடு போய்விட்டான். பால்காரி அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுத் தொழுவத்துக்குப் போனால், மகாராணி முதுகைக் கூனிக்கொண்டு சுவரோரம் நிற்கிறது. வால் பக்கம் நஞ்சுக்கொடி பாதி தொங்குகிறது. கீழே, வைக்கோல் மேல், சின்னவள் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஈரமாக ஒரு கன்று. ரோமம்கூடச் சரியாக முளைக்காத கன்று.

"செத்துப் பொறந்திருக்குக்கா," என்றாள் சின்னவள். முந்தானையால் அதன் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நான் வந்தப்போ சூடாத்தான் இருந்துச்சு. மூக்கத் துடைச்சா மூச்சு வருமோன்னு பாத்தேன்."

ஏழு மாதச் சினை. பால்காரி நெற்றியில் அறைந்துகொண்டாள். மகாராணிக்காகவா, வயிற்றுப்பிள்ளைக்காரி மடியில் செத்த கன்று கிடக்கிற காட்சிக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. "எந்திரி முதல்ல. போய்க் கைகால் கழுவு," என்று அதட்டிவிட்டு, கொழுந்தனைக் கூப்பிட்டு மாட்டு டாக்டரை அழைத்துவர வேனை அனுப்பினாள். நஞ்சு தொங்கிக்கொண்டே இருந்தால் மாட்டுக்கு ஆகாது. தானே இழுத்துவிடலாம் என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்தில் போனாள்.

"கையை எடுங்க!"

வாசலில் மழைக்கோட்டு சொட்டச் சொட்ட மாட்டு டாக்டரம்மா நின்றார். குள்ளமான உருவம், மோட்டார் பைக், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். வழியிலேயே வேனைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார். மாட்டிடம் பேசும்போது அந்த அம்மாவின் குரலில் தேன் ஒழுகும். மனிதரிடம் பேசினால் தகரத்தில் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும்.

"என் தங்கம்ல, என் ராசாத்தில்ல, கொஞ்சம் பொறுத்துக்க," என்று மகாராணியின் கழுத்தைத் தடவிவிட்டு, அதே மூச்சில் திரும்பி, "வெறுங்கையால யாரு கன்னுக்குட்டியத் தூக்குனது?" என்றார்.

"நான்தான் டாக்டர்," என்றாள் சின்னவள்.

டாக்டரம்மாவின் பார்வை அவள் முகத்திலிருந்து வயிற்றுக்கு இறங்கியது. சட்டென்று ஆணிச் சத்தம் நின்றது. "கையில வெட்டு, கீறல் ஏதாச்சும் இருக்கா?"

"நேத்து வெங்காயம் நறுக்குறப்போ லேசா..."

"சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவும்மா. நான் போதும்னு சொல்ற வரைக்கும் கழுவு. அந்தச் சேலைய அவுத்துக் கொதிக்கிற தண்ணியில போடு. இனிமே இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கக் கூடாது."

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அந்த வீட்டில் டாக்டரம்மா வைத்ததுதான் சட்டம். கொழுந்தன் மழையில் நனைந்துகொண்டே தோட்டத்து மூலையில் ஆழமாகக் குழி வெட்டினான். நாய்கூடத் தோண்ட முடியாத ஆழம் வேண்டும் என்றார். கன்றும் நஞ்சும் ஈர வைக்கோலும் எல்லாம் குழிக்குள் போனது. மேலே சுண்ணாம்பு மூட்டை கவிழ்ந்தது. பால்காரிக்கு அக்குள் வரை வருகிற கையுறை ஒன்று கிடைத்தது. அதை மாட்டிக்கொண்டு தரையெல்லாம் மருந்துத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். டாக்டரம்மா ஒவ்வொரு மாட்டையும் கொஞ்சிக் கொஞ்சி ரத்தம் எடுத்தார்.

எடுத்து முடித்து, கைகளைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "இந்த வீட்ல யாருக்காச்சும் காய்ச்சல் விட்டு விட்டு வருதா?"

பால்காரிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "ஒருத்தருக்கு வருது டாக்டர். சரியா வேலை நேரம் பாத்து வருது."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சாயங்காலமா?"

"ஆமா."

"ராத்திரி வேர்த்து ஊத்துதா? இடுப்பு வலி, மூட்டு வலின்னு சொல்றாரா? ஆள் இளைச்சுட்டாரா?"

ஒவ்வொரு கேள்விக்கும் தலையாட்டத் தலையாட்டப் பால்காரியின் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"பச்சப் பால் குடிக்கிற பழக்கம் உண்டா அவருக்கு?"

"அதுதான் டாக்டர் அவர் பேரே," என்றாள் கிணற்றடியில் இன்னும் கழுவிக்கொண்டிருந்த சின்னவள்.

அந்த நேரம் பார்த்துப் பச்சைப்பால் காலிக் கேன்களோடு வந்து சேர்ந்தான். மழையில் நனைந்த கோழி மாதிரி இருந்தான். மகாராணியைப் பார்த்தான், தோட்டத்து மூலையில் சுண்ணாம்பு வெள்ளையைப் பார்த்தான். யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சைக்கிளைப் பிடித்தபடியே நின்றுவிட்டான்.

"சைக்கிள ஏன் தள்ளிக்கிட்டு வர்றீங்க?" என்றார் டாக்டரம்மா.

"டயர்ல காத்து இல்ல."

டாக்டரம்மா குனிந்து இரண்டு டயரையும் கட்டை விரலால் அழுத்தினார். இரண்டும் கல் மாதிரி இருந்தன. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்து, தகரக் கூரை மழையையும் மீறிக் கேட்கும்படி, "விரை வீங்கியிருக்கா?" என்றார்.

கொழுந்தன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பச்சைப்பாலின் முகம் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. "டாக்டர், நீங்க மாட்டு டாக்டர்..."

"அதனாலதான் கூச்சப்படாமக் கேக்கறேன். என் பேஷண்ட் ஒண்ணுகூட இதுக்கு வெக்கப்பட்டதில்ல."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்று அவன் முணுமுணுத்தான். ஆனால் பால்காரிக்குப் புரிந்துவிட்டது. காற்று இறங்கிய டயர் என்று அவன் சொல்லி எத்தனை நாளாகிறது, ராத்திரி அவன் ஏன் ஒருக்களித்தே படுக்கிறான், எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது.

"ப்ருசெல்லான்னு ஒரு கிருமி," என்றார் டாக்டரம்மா. "ரத்தம் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். மாட்டுக்கு வந்தா கன்னு விழும். மனுஷனுக்கு வந்தா இப்படித்தான், கண்ணாமூச்சி காட்டும். பச்சப் பால்ல வரும், நஞ்சத் தொட்டா வரும். மருந்து இருக்கு. நிச்சயமா குணமாகும். இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. மூணு பேரும்." சின்னவளையும் சேர்த்து விரல் நீட்டினார். "நான் அங்க டாக்டருக்கு போன் பண்ணிடறேன். எனக்கும் அவருக்கும் அடிக்கடி ஒரே பேஷண்ட்தான். என்ன, எனக்கு நாலு காலு, அவருக்கு ரெண்டு."

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஈரக் குடைகளும் ஈரச் செருப்புகளும் மருந்து நெடியும் கலந்து கிடந்தன. மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். பச்சைப்பாலை மட்டும் டாக்டர் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார். சற்று நேரத்தில் "அய்யோ!" என்று ஒரு சத்தம். பெஞ்சில் இருந்த சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பால்காரியும் சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் முட்டியது.

வெளியே வந்து அவள் பக்கத்தில் மெதுவாக, மிக மெதுவாக உட்கார்ந்தான் அவன்.

"நெசமாவே காய்ச்சல்தான் போல," என்றாள் அவள்.

"நானே நம்பலடி," என்றான். "வேலை செய்யச் சோம்பல் பட்டுத்தான் உடம்பு நடிக்குதோன்னு எனக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சு. நீ வேற தெனமும் அப்படியே சொன்னியா..."

"நான் சொன்னா? நான் ஆயிரம் சொல்லுவேன். வீங்கியிருக்குன்னு நீங்க வாயத் தொறந்திருந்தா நான் ஏன் அப்படிப் பேசப் போறேன்?"

"எதைச் சொல்றது? எப்படிச் சொல்றது?"

"என்கிட்டச் சொல்லாம வேற யாருகிட்டச் சொல்லுவீங்க?"

அவள் தன் துண்டால் அவன் தலையைத் துவட்டிவிட்டாள். வராந்தா முழுக்கப் பார்த்தது, அவள் கவலைப்படவில்லை.

முடிவுகள் வந்தன. அவன் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் தெளிவாக இருந்தது. மாடுகளில் மகாராணிக்கு மட்டும் இருந்தது, மற்றவை தப்பித்திருந்தன. ஆனாலும் கொஞ்ச நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. பால்காரிக்கு ஒன்றுமில்லை. சின்னவளுக்கும் இல்லை, ஆனால் அது இப்போதைக்குத்தான். தொட்டது புதிது, கிருமி உள்ளே புகுந்திருந்தால் வெளியே தெரியச் சில வாரமாகும். அதற்குப் பிறகு இன்னொரு ரத்தப் பரிசோதனை. அதுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

"ஒருவேளை இருந்துச்சுன்னா?" என்று கொழுந்தன் கேட்டான். வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"வயித்துல புள்ள இருக்குறப்போ வந்தா கரு கலையறதுக்கு வாய்ப்பு உண்டு. மறைக்க மாட்டேன். ஆனா சீக்கிரம் கண்டுபிடிச்சா அதுக்குத் தோதான மருந்து இருக்கு. அதனாலதான் காத்திருந்து பாக்கறோம்," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. அதுதான் சின்னவளுக்குத் தாங்கவில்லை. "எழவு வீடு மாதிரி ஏன் உக்காந்திருக்கீங்க? என் புள்ள உள்ள உதைக்குது. இங்க என்ன சத்தமே காணோம்னு கேக்குது," என்று முட்டையில் பாதியைப் பிட்டுத் தன் புருஷன் தட்டில் போட்டாள்.

அடுத்த பிரச்சினை தெரு. யாரெல்லாம் பச்சையாகக் குடித்தார்களோ அவர்களுக்கெல்லாம் சொல்லியாக வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார். காய்ச்சிக் குடித்தவர்களுக்குப் பயமில்லை.

"சொன்னா அவ்வளவுதான்," என்றான் பச்சைப்பால். "காய்ச்சின பாலு, காய்ச்சாத பாலுன்னு எவன் பிரிச்சுப் பாப்பான்? பால்காரன் வீட்டுப் பால்ல நோய்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவான். நல்ல மாட்டுப் பாலையும் சாக்கடையில ஊத்த வேண்டியதுதான்."

"சொல்லலன்னா?"

"மகாராணி பாலத்தான் நிறுத்தியாச்சே. இனிமே யாருக்கு வரப்போகுது?"

"இதுக்கு முன்னாடி வந்திருந்தா? நீங்க கம்பளிக்குள்ள சுருண்டு கெடந்த மாதிரி எவனாச்சும் ஒருத்தன் எங்கயாச்சும் சுருண்டு கெடந்தா? அவன் பொண்டாட்டியும் என்னை மாதிரி அவன ஏசிக்கிட்டிருந்தா?"

மறுநாள் காலையில் கேன்களைச் சைக்கிளில் கட்டியது அவள்தான். அவளுக்கு ஓட்டத் தெரியாது. தள்ளிக்கொண்டே போனாள்.

சொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை. முதல் வீட்டில் அவள் சுற்றி வளைத்து மழையில் தொடங்கி மகாராணிக்கு வந்து சேர்வதற்குள் அந்த வீட்டம்மா பாலை வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டாவது வீட்டில் கதவு திறந்ததுமே, "எங்க மாடு ஒண்ணுக்கு நோய். அதோட பால் இனி வராது. மத்த மாட்டுக்கு இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ஆனா எந்தப் பாலா இருந்தாலும் பொங்கக் காய்ச்சாமக் குடிக்காதீங்க. யாராச்சும் பச்சையாக் குடிச்சு, காய்ச்சல் வந்து வந்து போனா, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லுங்க" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தாள். அது சரியாக அமைந்துவிட்டது. திரும்பிப் போய் முதல் வீட்டுக் கதவையும் தட்டி, அப்படியே எல்லா வாசலிலும் ஒப்பித்தாள்.

தையல்காரர் நீட்டிய பாத்திரத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "கொஞ்ச நாள் வேண்டாம்மா," என்றார், முகத்தைப் பார்க்காமல். மாடி வீட்டுக்காரர்கள் அடுத்த நாளிலிருந்து வேண்டாம் என்றார்கள். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார், "நான் ரெண்டு தடவை காய்ச்சுவேன், இனிமே மூணு தடவை காய்ச்சறேன், அவ்வளவுதானே" என்று வழக்கம்போல வாங்கிக்கொண்டார். டீக்கடைக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "என் கடைப் பாலு விடிஞ்சதுலேர்ந்து கொதிச்சுக்கிட்டேதான் இருக்கு. உன் கிருமி என் பாய்லருக்குள்ள வந்தா அதுக்குத்தான் கேடு. ஊத்து, ஊத்து."

கடைசியாக ஜிம். தகரக் கதவுக்குள் இரும்பும் வியர்வையும் கலந்த வாடை. மாஸ்டர் சில நாட்களாகவே செம்போடு வரவில்லை. மழை என்று நினைத்திருந்தார்கள். இப்போது கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். அவளைக் கண்டதும் நடந்து வந்தார். வாத்து மாதிரி, காலை அகட்டி அகட்டி.

அவள் ஒப்பித்தாள். அவர் மார்பைத் தட்டினார். "நமக்கெல்லாம் நோய் வருமாக்கா? இரும்புக்கா இது. கொஞ்சம் இடுப்புப் பிடிப்பு இருக்கு, வெயிட்டு தூக்குனதுல. மத்தபடி..."

"காய்ச்சல்?"

"சாயங்காலத்துல லேசா. அது மழைக்கு."

பால்காரி அந்த நடையை மறுபடி பார்த்தாள். டாக்டரம்மா கேட்ட கேள்வி தொண்டை வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. பக்கத்தில் இரண்டு பேர் எடை தூக்கிக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுக்காரரால சைக்கிள்ல உக்கார முடியல, தம்பி," என்றாள்.

மாஸ்டர் சட்டென்று அவளைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அண்ணனுக்குமா?" என்றார். குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது.

"ம்."

"நான் குடலிறக்கம்னு நெனச்சுட்டேன்க்கா. ஆபரேஷன் பண்ணிட்டா இனிமே வெயிட்டே தூக்க முடியாது, ஜிம்மை மூட வேண்டியதுதான்னு... யாருகிட்டயும் சொல்லலக்கா. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல." அந்த மலை போன்ற ஆள் பெஞ்சில் உட்காரப் பார்த்து, முடியாமல் எழுந்து நின்றார். "மாத்திரையில சரியாயிடுமா?"

"ஆறு வாரம் சாப்பிட்டா சரியாயிடுமாம். இன்னிக்கே போங்க. டாக்டர்கிட்ட எதையும் ஒளிக்காதீங்க."

வீட்டுக்கு வந்து அவள் அதைச் சொன்னதும் பச்சைப்பால் தலையில் கை வைத்துக்கொண்டான். "தினமும் என் முன்னாடிதான் நிப்பான். நானும் நிப்பேன். ரெண்டு பேரும் வலிய முழுங்கிக்கிட்டு, பாலோட மகிமையப் பேசிக்கிட்டு..." என்று தொடங்கி முடிக்க முடியாமல் சிரித்தான். சிரித்ததில் வலித்தது. வலித்ததில் இன்னும் சிரிப்பு வந்தது.

மகாராணியை அழைத்துப் போக வண்டி வந்த அன்று மழை விட்டு வெயில் அடித்தது. டாக்டரம்மா பொய் சொல்லவில்லை. "போனா திரும்பி வராது. இதுக்கு மருந்து கொடுத்துக் காப்பாத்த முடியாது. வச்சுக்கிட்டா மத்த மாட்டுக்கும் உங்களுக்கும் பரவும். வலிக்காமப் பாத்துக்கறேன். நானே கூட இருப்பேன்," என்றார். பச்சைப்பால் தொழுவத்துக்கு வரவில்லை. சமையலறையில் உட்கார்ந்து, ஏற்கெனவே பளபளத்த கேன் ஒன்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். கயிற்றைப் பிடித்தவள் பால்காரி. வண்டியின் சாய்வுப் பலகையில் ஏற மாட்டேன் என்று எந்த மாடும் அடம்பிடிக்கும், மகாராணி அடம்பிடிக்கவில்லை. பலகையை ஒருமுறை முகர்ந்தது. தலையைத் தூக்கியது. தனக்காகத்தான் இதைப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்கிற மாதிரி ஏறிப் போனது. டாக்டரம்மா பின்னாலேயே ஏறி, "என் தங்கமே, என் கண்ணே" என்று பேசிக்கொண்டிருந்தது வண்டி தெரு திரும்புகிற வரை கேட்டது. உள்ளே கேன் தேய்க்கிற சத்தம் அதற்குப் பிறகுதான் நின்றது. பால்காரி போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நல்ல மாடு," என்றான். "ஆமா, நல்ல மாடு," என்றாள்.

மாத்திரை தொடங்கிய மறுநாள் காலை கழிவறையிலிருந்து அலறல் கேட்டது. கொழுந்தன் கதவை உடைக்கவே போய்விட்டான். "ரத்தம்! ரத்தமாப் போகுது! நான் போறேன், புள்ளைகுட்டியில்லாத என் பொண்டாட்டியப் பாத்துக்கடா தம்பி!" டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பால்காரி எடுத்து வெளிச்சத்தில் படித்தாள். "அந்தச் சிவப்பு மாத்திரை தின்னா அப்படித்தான் போகுமாம். பயப்பட வேண்டாம்னு போட்டிருக்கு. சாயம்தான். வெளிய வாங்க." அன்று தெருவில் ஜிம் மாஸ்டர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். அவர் வாய் திறக்கும் முன்பே பச்சைப்பால் அவரை உட்கார வைத்து, "சாயம்தான் மாஸ்டர், சாயம்தான்" என்று தோளைத் தட்டினான்.

இரண்டு பேரும் தினமும் சேர்ந்தே மாத்திரை விழுங்கினார்கள். ஒருநாள் விட்டால் கிருமி திரும்பிவிடும் என்று டாக்டர் சொன்னதால், ஒருவருக்கொருவர் காவல். காய்ச்சல் ஒரு மாலை வரவில்லை. அடுத்த மாலையும் வரவில்லை. பச்சைப்பால் கம்பளியைக் கையில் வைத்துக்கொண்டு, ரயிலுக்குக் காத்திருப்பவன் மாதிரி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "வராது, எந்திரிங்க," என்று பால்காரி கம்பளியைப் பிடுங்கித் துவைக்கப் போட்டாள்.

சின்னவளின் இரண்டாவது பரிசோதனை நாள் வந்தது. அந்த வாரங்களில் அவள் வாய் ஓயவில்லை. ஆனால் பேச்சுக்கு நடுவில் திடீரென்று நிறுத்தி, வயிற்றில் கை வைத்து, உள்ளே கவனிப்பாள். அசைவு தெரிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடருவாள். அந்த இடைவெளியில் வீடே மூச்சை நிறுத்திக்கொள்ளும். முடிவு வாங்கப் போன கொழுந்தன் திரும்பி வந்த சத்தம் எல்லாருக்கும் முன்னால் கேட்டது: தெருமுனையிலிருந்து வேன் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தான். நாய்கள் குரைத்தன. டீக்கடைக்காரர் வெளியே ஓடி வந்தார்.

"இல்லையாம்! ஒண்ணுமே இல்லையாம்!" என்று வேனிலிருந்தே கத்தினான்.

சின்னவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். அவள் தானாக ஓய்ந்து உட்கார்ந்ததை அந்த வீட்டில் அப்போதுதான் முதலில் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "எனக்குப் பசிக்குது," என்றாள்.

பால்காரி ஒரு பானைப் பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சி, தெருவில் ஹாரன் சத்தத்துக்கு வந்து நின்ற அத்தனை பேருக்கும் கொடுத்தாள். தையல்காரரும் நின்றிருந்தார். அவளைப் பார்க்காமல் டம்ளரை நீட்டினார். அவளும் அவரைப் பார்க்காமல் விளிம்புவரை ஊற்றினாள். மறுநாளிலிருந்து அவர் பாத்திரம் பழையபடி வந்துவிட்டது. மாடி வீட்டுக்காரர்கள் வரவேயில்லை, போகட்டும்.

மாடுகளுக்கு மறுபடி ரத்தம் பார்த்தார்கள். சுத்தம். கிடேரிக் கன்றுகளுக்கு டாக்டரம்மா தடுப்பூசி போட்டுக் காதில் அடையாளம் மாட்டினார். சின்னவளுக்குப் பெண் பிறந்தது. பிறந்த அன்றே ஆஸ்பத்திரி கூரை பறக்கிற மாதிரி அழுதது. "என் மாதிரியே பேசுது பாருங்க," என்றாள் சின்னவள்.

பிள்ளைக்குத் தலை நின்ற சமயம். ஒரு மாலை, ஆடு வளர்க்கிற பெண் ஒருத்தி இரண்டு தெரு தள்ளியிருந்து வந்து, பால்காரியை வாசலுக்குக் கூப்பிட்டு நின்றாள். சொல்ல வந்ததைச் சொல்லாமல் புடவைத் தலைப்பைத் திருகினாள். அவள் ஆடுகளில் இரண்டு குட்டியை முன்னாலேயே போட்டுவிட்டனவாம். அது ஒருபக்கம் இருக்கட்டும். அவள் புருஷன்... "காய்ச்சல்னு படுத்துக்கறாருக்கா. சாயங்காலமானா. வேற ஏதோ இருக்கு, என்கிட்டச் சொல்ல மாட்டேங்கறாரு. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா கெட்ட கோபம் வருது."

கன்றுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த பச்சைப்பாலுக்கு அது கேட்டுவிட்டது. வைக்கோலைப் போட்டுவிட்டு, கையுறைகளைக் கழற்றி, சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினான். ஈரக் கையோடு வாசலுக்கு வந்தான்.

"வீங்கியிருக்கான்னு கேட்டியாம்மா?" என்றான், தெருவுக்கே கேட்கிற குரலில்.

எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து, உடனே மூடிக்கொண்டது. டீக்கடையில் யாரோ இருமினார்கள். வந்த பெண் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டினாள்: தெரியாது.

"மெதுவாப் பேசுங்க, மானம் போகுது," என்றாள் பால்காரி. ஆனால் கை அதற்குள் போனை எடுத்து மாட்டு டாக்டரம்மாவின் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தது.

"மானமா? அத எப்பவோ சுண்ணாம்பு போட்டுப் புதைச்சாச்சு," என்றான் அவன். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு படியிறங்கினான். "வாம்மா, போகலாம். உன் வீட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன். ஆட்டுகிட்ட டாக்டரம்மா பேசிக்குவாங்க."